கர்னலில் இல்லாத கதவு

பொதுக் கைப்பிடிகள் வாரியத்தில் சிலுவைராஜுக்கு வேலை கிடைத்தபோது, அந்த வாரியம் என்ன செய்கிறது என்று அவன் மனைவி அற்புதமேரிக்கு விளங்கவில்லை. அவன் பொறுமையாக எடுத்துச் சொன்னான். சிங்கப்பூரில் படிக்கட்டு உள்ள இடமெல்லாம் கைப்பிடி இருக்கும், கைப்பிடி என்றால் என்றாவது ஒருநாள் ஆடும், ஆடுவதை யாராவது போய் முடுக்க வேண்டும், அதற்குத்தான் வாரியம்.

"அப்ப நீங்க ஸ்க்ரூ முடுக்கப் போறீங்களா?"

"இல்ல மேரி. நான் கம்ப்யூட்டர் ஓட்டப் போறேன்."

"அப்ப ஸ்க்ரூ முடுக்கறது யாரு?"

சேர்ந்து மூன்று வருஷமாகியும் அதை மட்டும் அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வாரியத்தின் அலுவலகம் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், நாலாவது மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் தேக்கா சந்தையின் மீன் வாடையும் பூக்கடை மல்லிகை வாடையும் கைகோத்துக்கொண்டு உள்ளே வரும். ஆகையால் ஜன்னலைத் திறக்கக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. அலுவலகத்தின் நடுவே ஓர் அறை. அறைக்குள் அலமாரி உயரத்துக்கு ஒரு கம்ப்யூட்டர். அந்த அறைக்கு ஒரே கதவுதான். போன வருஷம் அந்தக் கதவுக்கு மின்பூட்டு மாட்டினார்கள். அட்டையைக் காட்டினால் கம்ப்யூட்டர் பார்த்துத் திறந்துவிடும். பழைய சாவித் துவாரத்தின் மேல் "கணினிமயமான கதவு" என்று ஒரு பித்தளைத் தகடு அறைந்து, அதற்குத் திறப்பு விழாவும் நடத்தினார்கள்.

நடந்ததைப் புரிந்துகொள்ள, கர்னல் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டருக்குள் ஓடும் எல்லா நிரல்களுக்கும் அடியில் ஒன்று படுத்திருக்கும். அதுதான் கர்னல். மற்ற நிரல்களுக்கு எது வேண்டுமானாலும் அதைத்தான் கேட்க வேண்டும். இந்த எந்திரத்தோடு என்னென்ன கருவிகள் இணைந்திருக்கின்றன, பிரிண்டர் எத்தனை, திரை எத்தனை என்று வரிவரியாக எழுதிக் கொடுத்தால், அந்த வரிகளுக்கு ஏற்றபடி ஒரு கர்னலைக் கட்டிக்கொள்ளலாம். எழுதிய கருவியை அது அறியும். எழுதாத கருவி எதிரே வந்து நின்றாலும் அதற்குத் தெரியாது. அதற்காக எல்லாவற்றையும் எழுதி வைக்கவும் முடியாது. ஒவ்வொரு வரியும் நினைவகத்தில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மூவறை வீட்டில் வராத விருந்தாளிகளுக்கெல்லாம் பாய் விரித்து வைத்தால், வீட்டுக்காரர்கள் சமையற்கட்டில் நின்றுகொண்டு தூங்க வேண்டியதுதான்.

வாரியத்தின் கம்ப்யூட்டர் அப்படித்தான் நின்றுகொண்டு தூங்கியது. தலைவர் இராமசாமி ஒரு காலத்தில் துளையட்டை படிக்கும் எந்திரத்துக்குப் பொறுப்பாளராக இருந்தவர். அந்த எந்திரத்தைப் பழைய இரும்புக்காரர் தூக்கிக்கொண்டு போய் வருஷங்களாகிவிட்டன. ஆனால் கர்னலில் அதன் வரி இருந்தது. தலைவருக்கு ஒரு வரி இருக்கும்போது துணைத் தலைவர் லிம்முக்கு இல்லாமலிருந்தால் நன்றாக இருக்குமா? அவருக்காகப் படம் வரையும் எந்திரம் ஒன்று சேர்க்கப்பட்டது. அது இன்னும் கப்பலேறவில்லை. கணக்குப் பிரிவுக்கு வாங்க யோசித்த பிரிண்டர், ஓய்வு பெற்றவர்களின் நினைவாக ஒரு தந்திக் கருவி என்று ஆளுக்கொரு வரி ஏறியது. கர்னல் பெருத்தது. எந்தக் கைப்பிடி எங்கே ஆடுகிறது என்று அச்சிட வேண்டிய நிரலுக்குக் கால் வைக்கவும் இடமில்லை.

ஆகஸ்டு மாதம், கர்னலை இளைக்க வைப்பதற்காகக் கர்னல் ஆலோசனைக் குழு கூடியது. இராமசாமி தலைமை. லிம் துணை. குழுவின் செயலாளர் கமலா குறிப்பெடுத்தாள். சிலுவைராஜ் உறுப்பினன் இல்லை. கேட்டால் பதில் சொல்வதற்காகக் கதவோரம் நிற்க வைத்திருந்தார்கள்.

ஒரு வரியையாவது நீக்க வேண்டும். எதை?

"துளையட்டையில கை வைக்கக்கூடாது" என்றார் இராமசாமி. "அது வாரியத்தோட வரலாறு."

லிம் ஆங்கிலத்தில் பேசுவார். நடுவே சிங்கப்பூர்ப் பேச்சு வழக்கான ‘லா’ மட்டும் தப்பாமல் விழும். படம் வரையும் எந்திரம் வாரியத்தின் எதிர்காலம், எதிர்காலத்தை எப்படி லா வெட்டுவது என்றார். கணக்குப் பிரிவு தன் பிரிண்டருக்காகப் பேசியது. ஓய்வு பெற்றவர்களின் பிரதிநிதி தந்திக் கருவிக்காகக் கண் கலங்கினார். கடைசியில் கமலா பட்டியலை மறுபடி படித்தாள். யாரும் வாய் திறக்காத வரி ஒன்றே ஒன்று இருந்தது.

"கதவு" என்றாள்.

கதவுக்காகப் பேச ஆளில்லை. கதவு எந்தப் பிரிவையும் சேர்ந்ததல்ல.

இராமசாமி எழுந்து நின்றார். "நண்பர்களே! கதவுங்கறது கம்ப்யூட்டருக்கு முன்னாடியே இருந்தது. என் தாத்தா வீட்டுக் கதவு எந்தக் கர்னலையும் கேட்டுத் திறக்கல. கதவு தன் கால்ல தானே நிக்கட்டும்!"

கை தட்டினார்கள். சிலுவைராஜும் தட்டினான். அதை ஒளிப்பதற்கில்லை. சொல்லி மூடினால்தானே பூட்டு மூடும், சொல்லாவிட்டால் திறந்தே கிடக்கும் என்று அவனும் நினைத்துக்கொண்டான். பூட்டு விற்றவர்கள் திருடனை நினைத்து அதை நேர்மாறாக அமைத்திருந்தார்கள். திற என்று சொல்லும்வரை அது மூடியே இருக்கும். மின்சாரத்தை நிறுத்தினால் இன்னும் இறுக்கிக்கொள்ளும்.

புதுக் கர்னலை ஏற்ற நல்ல நாள் பார்த்தார்கள். செப்டம்பர் எட்டு என்று முடிவாயிற்று. சிலுவைராஜின் முகம் வாடிவிட்டது. அன்றுதான் மாதா பிறந்த திருநாள். லூர்து மாதா கோயிலில் மாலைப் பூசையில் அவன் மகள் உர்சுலாவுக்குப் புதுநன்மை, முதல்முறையாக நற்கருணை அப்பம் வாங்கும் சடங்கு. பிள்ளையின் கையிலுள்ள மெழுகுவர்த்தியைத் தகப்பன் ஏற்றிக் கொடுத்து, பீடத்துக்குக் கூட்டிப் போவது அந்தக் கோயில் வழக்கம். உர்சுலாவின் பள்ளி நாடகத்தன்று படம் வரையும் எந்திரத்தின் வரியைச் சேர்த்துக்கொண்டிருந்தான். அவள் பிறந்தநாளன்று தந்திக் கருவி. இந்தத் தடவை அவள் அழவில்லை. "நீங்க வரலேன்னா நான் நன்மை வாங்க மாட்டேன் அப்பா. சாமிகிட்ட சொல்லிட்டேன்" என்று நிதானமாகச் சொல்லியிருந்தாள். அவள் அழுதிருந்தாலே அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கர்னல் ஏற்றும் விழா மத்தியானம் இரண்டு மணிக்கு. பூசை மாலை ஆறுக்கு. நடந்தே போய்விடும் தூரம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தேக்காவில் தையல்காரரிடம் போய் உர்சுலாவின் வெள்ளை உடுப்பையும், வழியில் ஒரு மெழுகுவர்த்தியையும் வாங்கிக்கொண்டான். காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தைக் கம்ப்யூட்டர் அறை நாற்காலியில் குழந்தையைப் போல உட்கார வைத்தான்.

கர்னல் ஏற்றும்போது இயக்குபவன் மட்டும் உள்ளே இருந்து கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்பது முறை. குழு வெளியே வரிசையாக நிற்கும். எல்லோர் சட்டையிலும் ஓர் ஆர்க்கிட் பூ. புதிதைக் கட்டியாகிவிட்டதால் பழைய கர்னலை அழித்துவிட வேண்டும் என்றும் குழு சொல்லியிருந்தது. "ரெண்டு கர்னல் இருந்தா ரெண்டு உண்மை ஆயிடும்" என்றார் இராமசாமி. அழித்தார்கள். பிறகு சிலுவைராஜ் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, எந்திரத்தை நிறுத்தி மறுபடி எழுப்பினான். புதுக் கர்னல் நல்லபடியாக எழுந்தது. வெளியே கைதட்டல் கேட்டது.

அவன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அட்டையைக் கதவில் காட்டினான்.

கதவு பேசாமல் இருந்தது.

மறுபடி காட்டினான். அட்டையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் காட்டினான். கதவைத் தட்டினான். வெளியே இருந்தவர்கள் அவனும் கை தட்டுகிறான் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அச்சிட்ட தாள்களை வெளியே நீட்டுவதற்காகக் கதவுப் பக்கத்துச் சுவரில், முழங்கால் உயரத்தில் ஒரு நீளத் துவாரம் வெட்டியிருந்தார்கள். கை போகும், தோள் போகாது. சிலுவைராஜ் முழந்தாளிட்டு அதில் வாயை வைத்தான்.

"சார்! கதவு திறக்கல சார்!"

வெளியே இராமசாமி தொடங்கியிருந்த சொற்பொழிவு நின்றது. கொஞ்ச நேரத்தில் துவாரத்துக்கு வெளியே கமலாவின் மூக்குக்கண்ணாடி தெரிந்தது.

"என்ன திறக்கல?"

"கதவு மேடம்."

"அது லிஸ்ட்லயே இல்லையே, சிலுவைராஜ். இல்லாத கருவி எப்படிப் பழுதாகும்?"

"பழுதில்ல மேடம். பூட்டியிருக்கு. சாவி இருக்குமில்ல?"

"சாவித் துவாரத்து மேல தகடு இருக்கு."

"தகட்டைக் கழட்டிடலாமே."

"திறந்து வெச்ச பிரமுகர்கிட்ட எழுதிக் கேக்கணும். அவர் இப்ப வெளிநாட்டுல இருக்காரு."

அதே இடத்தில், நடைபாதையில் குழு அவசரமாகக் கூடியது. நாற்காலிகள் இழுபடும் சத்தம் சிலுவைராஜுக்குக் கேட்டது. அவன் தரையில் உட்கார்ந்து பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டான். குளிரூட்டி ஓயாமல் ஊதியது. அந்த அறை கம்ப்யூட்டருக்காகக் கட்டப்பட்டது. மனிதர்கள் அதற்குள் வெகுநேரம் இருப்பார்கள் என்று யாரும் நினைத்ததில்லை. உட்கார்ந்தால் குளிர் இடுப்பைப் பிடித்தது. எழுந்தால் நெற்றியைப் பிடித்தது. நாலு எட்டு நடந்தால் சுவர். திரும்பி நாலு எட்டு நடந்தால் மறுபடி சுவர்.

கதவு வரியை மறுபடி சேர்த்துக் கர்னலைக் கட்டினால் போதும், திறந்துவிடும். அது ஒரு மணி நேர வேலை. ஆனால் பட்டியலைத் தொடக் கடவுச்சொல் வேண்டும். அதை யாரும் தனியாகத் தொடக்கூடாது என்பதற்காக இரண்டு பாதியாக வெட்டி, முன்பாதியை இராமசாமியும் பின்பாதியை லிம்மும் வைத்திருந்தார்கள். ஒருவர் தட்டும்போது மற்றவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். அவர்கள் உள்ளே வந்து தட்டினால்தான் கதவு திறக்கும். கதவு திறந்தால்தான் அவர்கள் உள்ளே வர முடியும்.

இதை அவன் துவாரத்தின் வழியாக எடுத்துச் சொன்னான்.

"அருமையான பாதுகாப்பு ஏற்பாடு" என்றார் இராமசாமி. குரலில் உண்மையான பெருமை இருந்தது. "நாங்களே நினைச்சாக்கூட உடைக்க முடியல, பாருங்க!"

"சார், கடவுச்சொல்ல எங்கிட்டச் சொன்னீங்கன்னா நானே தட்டிடுவேன் சார்."

"உங்ககிட்டயா?" லிம்மின் குரல் உயர்ந்தது. "நாளைக்கு நீங்க வேலையை விட்டுப் போயிட்டா என்ன லா பண்றது?"

"நான் போகவே முடியலையே சார்."

"இன்னிக்கு முடியல. ஆனா கொள்கைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

குழு மறுபடி பேசியது. கமலா குறிப்பைப் படித்துக் காட்டினாள். கதவு கர்னலில் இல்லை. ஆகவே அது அலுவலகத்திலும் இல்லை. புதிதாக ஒரு கதவு தேவையென்று இயக்குபவன் கருதினால், மூன்றாவது மாடி முகப்புக்கு நேரில் வந்து விண்ணப்பிக்கலாம்.

"நேரில் எப்படி மேடம் வர்றது?"

"வேலை நேரத்துல வரலாம்" என்றாள் கமலா அன்பாகவே.

பிறகு இன்னொரு சிக்கல் எழுந்தது. அது ஆண்டுச் சரிபார்ப்பு மாதம். வாரியத்தின் கையேட்டில், "கம்ப்யூட்டர் அறையில் இருந்து தானாக வெளியே செல்ல இயலாதவை அனைத்தும் உபகரணம்" என்று தெளிவாக எழுதியிருந்தது. உபகரணத்தின் மேல் எண் ஒட்டாமல் விட்டால் தணிக்கையாளர் கேட்பார். கமலா துவாரத்தின் வழியே ஒரு சின்ன ஒட்டுத்தாளை நீட்டினாள்.

"இத எங்க ஒட்டறது மேடம்?"

"கண்ணுக்குத் தெரியற இடத்துல. பிரிண்டருக்கு முன்பக்கம்தான ஒட்டுவோம்."

அவன் சட்டைப் பையின் மேல் ஒட்டிக்கொண்டான். அவள் துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்து, நேராக இருக்கிறதென்று குறித்துக்கொண்டாள். குழு கலைந்து அவரவர் அறைக்குப் போனது. நாற்காலிகள் போன பிறகு நடைபாதை கோயில் முற்றத்தைப் போல அமைதியாகிவிட்டது.

சிலுவைராஜுக்கு அப்போதுதான் பயம் வந்தது. அதுவரை யாராவது திறப்பார்கள் என்று நினைத்திருந்தான். யாரும் திறக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கோபித்துக்கொண்டவர்களிடம் கெஞ்சலாம். இவர்கள் யாருக்கும் அவன்மேல் கோபமில்லை. உர்சுலா குளித்துத் தலை பின்னி, உடுப்புக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் கதவில் நெற்றியை வைத்து நின்றான். இரும்பு சில்லென்றிருந்தது.

"தம்பி? உள்ளயா இருக்க?"

தேநீர் போட்டுக் கொடுக்கும் ரபியா. அவளைவிட வயதில் மூத்தவர் அந்த மாடியில் இல்லை. சிலுவைராஜ் ஒருவன்தான் குடித்த குவளையைத் தானே கழுவிக் கொண்டுவந்து அடுக்களையில் கவிழ்த்து வைப்பான். அவள் வேண்டாமென்று சொல்லியும் மூன்று வருஷமாக அதை விடவில்லை.

"ரபியாக்கா!" அவன் முழந்தாளிட்டு எல்லாவற்றையும் சொன்னான். கர்னல், பாதிச் சொல், உபகரண எண். பிள்ளையின் பூசையைத் தவிர அவளுக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை.

"அதெல்லாம் கெடக்கட்டும். பிள்ளை உடுப்பு எங்க?"

"இங்கதான் இருக்குக்கா. எங்கிட்ட."

"கொண்டா."

அவன் காகிதத்தைப் பிரித்தான். பாவாடையின் வலைத்துணியை மெல்ல மெல்ல அமுக்கித் துவாரத்துக்குள் விட்டான். அந்தப் பக்கம் ரபியா இழுத்துக்கொண்டாள். முக்காட்டுத்துணி போயிற்று. கையுறை போயிற்று. கடைசியாக மெழுகுவர்த்தி உருண்டு போயிற்று. உள்ளே வெறும் காகிதம் மிஞ்சியது.

"கசங்கிடுச்சாக்கா?"

"நான் தேய்ச்சிக்கறேன். ஆறு மணிக்குத்தான? நானே கொண்டு போயிடறேன். நீ ஒண்ணும் கவலப்படாத. அல்லா லேசாக்குவான்."

சற்று நேரத்தில் துவாரத்தின் வழியே ஒரு பிளாஸ்டிக் பை தேநீர் வந்தது. வாயை நூலால் கட்டி, உறிஞ்சு குழலும் செருகியிருந்தது. குவளை நுழையாது என்று அவளே யோசித்திருக்கிறாள். பை மட்டும் மீன் நழுவுவதைப் போல நழுவி வந்து அவன் கையில் விழுந்தது. அந்தச் சூட்டை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமலே உட்கார்ந்திருந்தான்.

வெளியே ரபியா உடுப்பைத் தேய்த்து இடது கையில் தொங்கவிட்டுக்கொண்டு, வலது கையில் தட்டோடு வழக்கம்போல அதிகாரிகளின் அறைகளுக்குத் தேநீர் கொண்டு போனாள்.

"என்னது இது, கல்யாண உடுப்பா?" என்று கேட்டார் இராமசாமி.

"உள்ள மாட்டிக்கிட்டுக் கெடக்குதே அந்தத் தம்பி மக உடுப்பு ஐயா. இன்னிக்கு அவங்க கோயில்ல அதுக்கு விசேஷம். அப்பா வந்தாத்தான் போவேன்னு உக்காந்திருக்காம் பிள்ளை." அவ்வளவுதான் சொன்னாள். லிம்மின் அறையிலும் அதையே அரைகுறை மலாயில் சொன்னாள். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. தேநீரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சிறிது நேரம் கழித்து, துவாரத்துக்கு வெளியே மூட்டு முறியும் சத்தம் கேட்டது. கனத்த ஆள் ஒருவர் முழந்தாளிட முயன்றுகொண்டிருந்தார்.

"சிலுவைராஜ்" என்றது ஒரு குரல். மேடையில் முழங்கும் குரல் இப்போது கிசுகிசுத்தது. "நான் வந்ததை லிம்கிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன் சார்."

"என் பாதி…" இராமசாமி தயங்கினார். "சிரிக்கக் கூடாது. ‘டைரக்டர்’."

சிலுவைராஜ் சிரிக்கவில்லை.

"அந்தத் துளையட்டை எந்திரம் இருக்கில்ல? அது இல்லை, சிலுவைராஜ். என் கண்ணெதிர்லதான் லாரில ஏத்துனாங்க. அதைப் பாத்துக்கத்தான் என்னை வேலைக்கு எடுத்தாங்க. அதுவே இல்லைன்னு ஆயிட்டா நான் எதுக்குன்னு கேப்பாங்களேன்னு…" பெருமூச்சு விட்டார். "எனக்கும் ஒரு மக இருக்கா. அவ பட்டம் வாங்குனப்ப நான் மீட்டிங்ல இருந்தேன். சரி, கதவைச் சேக்க இடம் வேணும்னா அந்த லிம்மோட படம் வரையற எந்திரத்தைத் தூக்கிடுங்க. என்னோடதைத் தொடாதீங்க."

அவர் சுவரைப் பிடித்து எழுந்து போனார். அந்த மாடியில், கைப்பிடிகள் வாரியத்தின் சொந்த நடைபாதையில், பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இல்லை.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு மூட்டு முறிந்தது.

"நான் வந்ததை இராமசாமிகிட்ட சொல்லாதீங்க லா" என்றார் லிம். "பின்பாதி… ‘நெக்ஸ்ட் டைரக்டர்’."

"சரி சார்."

"அந்த எந்திரத்தை நான் ஆர்டரே பண்ணல. அவருக்கு ஒரு வரி இருந்துச்சு, எனக்கில்ல. அவ்வளவுதான்." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "உங்க பிள்ளைக்கு எத்தனை வயசு?" என்றார்.

"எட்டு சார்."

"நல்ல வயசு. சீக்கிரம் போங்க. இடம் வேணும்னா அந்தத் துளையட்டையைத் தூக்கிடுங்க. எப்படியும் பழைய இரும்புதான் லா."

கோயிலில் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியார் உட்கார்ந்திருக்கும் பக்கம் எப்படி இருக்கும் என்று சிலுவைராஜ் சிறுவயதில் நினைத்துப் பார்த்ததுண்டு. அது இவ்வளவு குளிராக இருக்கும் என்று நினைத்ததில்லை. அந்த இருவர் மேலும் அவனுக்கு இரக்கம் வந்தது. நான் இரண்டு மணி நேரமாகத்தான் அடைபட்டிருக்கிறேன், இவர்கள் எத்தனை வருஷமாகவோ என்று நினைத்தான்.

இரண்டு பாதியையும் சேர்த்துத் தட்டினான். பட்டியல் திறந்தது. கதவின் வரியைத் திரும்ப எழுதினான். பிறகு தலைவர் சொன்னபடி படம் வரையும் எந்திரத்தை நீக்கினான். துணைத் தலைவர் சொன்னபடி துளையட்டையையும் நீக்கினான். இரண்டு பேர் வார்த்தையையும் காப்பாற்றியாயிற்று.

கர்னல் கட்டத் தொடங்கியது. அவசரம் அதற்குத் தெரியாது. திரையில் ஒரு பெயர் வரும், நிற்கும், அடுத்த பெயர் வரும். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ‘அருள் நிறை மரியே’ ஜெபம் சொன்னான். கணக்குப் பிரிவின் பிரிண்டருக்கு ஒன்று. தந்திக் கருவிக்கு ஒன்று. ஓய்வு பெற்றவர்களையும் அதில் சேர்த்துக்கொண்டான். வெளியே அலுவலகம் விட்டுப் போகும் காலடிகள் கேட்டன. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கமலா துவாரத்துக்குக் குனிந்து, "நாளைக்குப் பாக்கலாம், சிலுவைராஜ். ஏர்கான் ஓடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசிப் பெயர் வந்தது. கதவு. அதற்கு இரண்டு தடவை சொன்னான்.

எந்திரத்தை நிறுத்தி எழுப்பினான். அட்டையைக் காட்டினான். பூட்டு கிளுக்கென்றது. அவ்வளவு சின்னச் சத்தம். அதற்குள் அவனுக்குப் பின்னால் பிரிண்டர் திடீரென்று விழித்துக்கொண்டு கடகடவென அச்சடிக்க ஆரம்பித்தது. இடம் கிடைத்ததும், எந்தெந்தப் படிக்கட்டில் கைப்பிடி ஆடுகிறது என்று மாதக்கணக்காகச் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் அது சொல்லத் தொடங்கிவிட்டது. கேட்க அங்கே யாருமில்லை. சிலுவைராஜ் படியிறங்கி ஓடினான்.

கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. வெளிவாசலில் ரபியா நின்றிருந்தாள். உள்ளே போகவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. படியில் வெள்ளை உடுப்போடு உர்சுலா உட்கார்ந்திருந்தாள். மற்றப் பிள்ளைகள் வரிசையில் போய்விட்டார்கள். அற்புதமேரி கெஞ்சிக் களைத்துப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"சொன்னேனில்ல, வருவாருன்னு" என்றாள் ரபியா.

உர்சுலா எழுந்து உடுப்பைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "சட்டையில என்னப்பா நம்பர்?"

"ஆபீஸ்ல கொடுத்தாங்க."

"பரிசா?"

"அது மாதிரிதான்."

அவன் அவள் மெழுகுவர்த்தியை ஏற்றிக் கொடுத்தான். கையைப் பிடித்துப் பீடத்துக்குக் கூட்டிப் போனான். பீடத்தருகே சாமியார் அவன் சட்டைப் பையை ஒருமுறை பார்த்தார். பிறகு பிள்ளையின் பக்கம் குனிந்தார்.

மறுநாள் காலையில் குழு கூடியது. சிலுவைராஜ் கதவோரம் நின்றான்.

"நீங்க வெளிய வந்துட்டீங்களா?" என்று கமலா கேட்டாள்.

"ஆமா மேடம்."

"எப்படி?"

"கதவு வழியா."

"எந்தக் கதவு?"

இராமசாமி கூரையைப் பார்த்தார். லிம்மும் கூரையைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. சிலுவைராஜ் இருவரையும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் தலைகுனிவு. அவர்கள் அவனுக்காக முழந்தாளிட்டவர்கள்.

நெடுநேர விவாதத்துக்குப் பிறகு குழு தீர்மானித்தது. கர்னலில் கதவைச் சேர்க்க யாரும் அனுமதிக்கவில்லை. ஆகவே கதவு இல்லை. கதவு இல்லாதபோது யாரும் வெளியே வந்திருக்க முடியாது. ஆகவே இயக்குபவர் சிலுவைராஜ், மேற்படி எண்ணுள்ள உபகரணமாக, அறைக்குள்ளேயே இருக்கிறார். அவர் நலனுக்காக நாள்தோறும் துவாரத்தின் வழியாக ஒரு தேநீர் வழங்கப்படும். தீர்மானத்தை இராமசாமி முன்மொழிய, லிம் வழிமொழிந்தார். அவர்கள் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

அதனால் பெரிய தொந்தரவு ஒன்றுமில்லை. சம்பளம் வந்தது. நகரத்தில் பல படிக்கட்டுகளில் கைப்பிடிகள் ஆடாமல் நின்றன. அது எப்படி நேர்ந்தது என்று விசாரிக்க ஒரு துணைக்குழு போட்டார்கள்.

அடுத்த செப்டம்பரில் மாதா திருநாளுக்காக அவன் விடுப்புக் கேட்டான். கமலா வருத்தத்தோடு மறுத்தாள். உபகரணத்துக்கு விடுப்புக் கிடையாது. அவன் திரும்பினான். அவள் பின்னாலேயே எழுந்து வந்தாள். யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மெதுவாக, "ஆனா வருஷத்துக்கு ஒரு நாள் சர்வீஸுக்கு வெளிய அனுப்பலாம், சிலுவைராஜ். கையேட்டுல இருக்கு. நான் தேடிப் பாத்தேன்" என்றாள்.

அன்று காலையும் ரபியா துவாரத்தின் ஓரம் ஓர் ஆணியில் தேநீர்ப் பையைத் தொங்கவிட்டிருந்தாள், உள்ளே இருப்பவருக்காக. சிலுவைராஜ் நடைபாதையில் நின்று அதைக் குடித்தான். கழுவக் குவளை இல்லாததால், நூலை அவிழ்த்துச் சுருட்டி அவளிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழுது பார்த்துக்கொள்ளக் கோயிலுக்குப் போனான்.